100 பங்கில் 30 இருந்தது, இப்போது 1,000இல் 30: எனக்குத் தெரியாமல் புதுப் பங்கு எடுத்தால் என்ன வழி?

ஹட்டன்_தேயிலை கேட்டது:

மூன்று பேராகச் சேர்ந்து 2021இல் ஹட்டனில் தேயிலைத் தூள் பொதியிட்டு விற்கும் தனியார் கம்பனி ஒன்றைப் பதிந்தோம். மொத்தம் 100 பங்கு, பங்கொன்று 1,000 ரூபா. பதிவில் 40-30-30. ஆனால் பேச்சு ஆளுக்குச் சமன் என்றுதான். வங்கிக் கடன் எடுக்க வசதி என்று ஒருவர் பேரில் 10 கூடப் போட்டோம். அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கிறது. 2023 நவம்பரில் பொதியிடும் மெஷினுக்காக 18 இலட்சம் ரூபா கம்பனிக் கணக்கில் போட்டேன்.

இப்போது அந்த 40 பங்குக்காரர் பங்கொன்று 10 ரூபாப்படி 900 புதுப் பங்கைத் தன் பேரில் எடுத்திருக்கிறார். எனக்குக் கூட்ட அறிவித்தல் எதுவும் வரவில்லை. வழக்குப் போடக் குறைந்தது 5 வீதம் வேண்டும் என்கிறார்கள், எனக்கு இருப்பது 3 வீதம். நுவரெலியா நீதிமன்றத்துக்குப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செயலாளர்_மேசை:

வக்கீலைப் பார்க்கும் முன் கம்பனிப் பதிவாளர் கோப்பின் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுங்கள். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் 1 (பதிவு), ஆர்ட்டிகிள்ஸ் (கம்பனியின் உள்விதிகள்), படிவம் 6 (பங்கு வெளியீடு), எல்லா வருடத்துப் படிவம் 15 (வருடாந்த அறிக்கை), படிவம் 20 (பணிப்பாளர் மாற்றம்). இந்த ஐந்தும் கையில் இல்லாமல் யாரும் உங்களுக்குச் சரியான ஆலோசனை சொல்ல முடியாது.

படிவம் 20ஐத் தவற விடாதீர்கள். இப்படிப் பங்கு எடுக்கிறவர்கள் பல நேரம் அதோடு சேர்த்து மற்றவரின் பணிப்பாளர் பதவியையும் முடித்துவிடுவார்கள். நீங்கள் விலகியதாகப் போட்டிருந்தால், விலகல் கடிதம் எங்கே, கையெழுத்து யாருடையது என்று கேட்கலாம்.

அடுத்தது படிவம் 6. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கு வெளியிட்டு 20 வேலை நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். வெளியிட்டதாகச் சொல்லும் திகதி, பதிவேற்றிய திகதி, அந்த வருடத்துப் படிவம் 15இல் உள்ள பங்குப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு எழுதிப் பழைய திகதி போட்ட தீர்மானம் என்றால் பெரும்பாலும் இங்கேதான் உடையும். படிவம் 15இல் நீங்கள் இன்னும் 30/100 ஆக இருந்து, படிவம் 6 அதற்கு முந்திய திகதி காட்டினால் அது பெரிய ஆதாரம்.

கம்பனிச் செயலாளருக்குப் பங்குதாரர் என்ற முறையில் பதிவுத் தபாலில் எழுதி, பங்குப் பதிவேட்டையும் கூட்டக் குறிப்பையும் கேளுங்கள். மறுத்தாலும் நல்லது, மறுத்த கடிதம் உங்கள் கோப்பில் சேரும்.

இன்னொன்று. மலையகத்தில் பலர் படிவத்தில் தோட்ட லயன் விலாசம் கொடுத்திருப்பார்கள், கடிதம் தோட்ட ஆபீசில் தங்கிவிடும். “அறிவித்தல் அனுப்பினோம், நீங்கள் வாங்கவில்லை” என்பது எதிர்த்தரப்பின் முதல் பதிலாக இருக்கும். நிச்சயமாகக் கைக்கு வரும் விலாசம் ஒன்றை இன்றே கம்பனிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பதுளை_சட்டம்:

தம்பி, 3 வீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 5 வீதம் என்பது இரண்டு வழியில் கணக்கிடப்படும்: வாக்குரிமையில் 5 வீதம், அல்லது பங்குதாரர்களின் எண்ணிக்கையில் 5 வீதம். மூன்று பேரில் ஒருவர் என்றால் 33 வீதத்துக்கு மேல். மனுவுக்கு முன் ஆறு மாதம் தொடர்ந்து பங்குதாரராக இருந்திருக்க வேண்டும், அது உங்களுக்குப் பிரச்சினையில்லை.

உங்கள் வழக்கு கம்பனிகள் சட்டத்தின் 224ஆம் பிரிவின் ஒடுக்குமுறை மனு (கம்பனியைக் கையில் வைத்திருப்பவர் மற்றப் பங்குதாரரை நசுக்குவதற்கு எதிரானது). 225 முகாமைத்துவச் சீர்கேடு, அதையும் மாற்று நிவாரணமாகச் சேர்ப்பதுண்டு. நுவரெலியாவில் அல்ல, கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில். மனுவும் சத்தியக் கடதாசியும் போட்டு, புதுப் பங்குகளை வைத்து வாக்களிக்கவோ கைமாற்றவோ கூடாது என்று முதலில் இடைக்காலத் தடை கேட்க வேண்டும். தாமதிப்பதுதான் இந்த வழக்குகளைக் கெடுக்கிறது. தெரிந்தும் பல மாதம் சும்மா இருந்தால் இடைக்காலத் தடை கிடைப்பது கடினம்.

வாதம் இரண்டு. முதலாவது 53ஆம் பிரிவு: அதே தரத்துப் புதுப் பங்கை முதலில் இருக்கும் பங்குதாரருக்கு அவரவர் வீதப்படி கொடுக்க வேண்டும். 900இல் 270 உங்களுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இது ஆர்ட்டிகிள்ஸுக்கு உட்பட்டது. ரெடிமேட் ஆர்ட்டிகிள்ஸில் இந்த உரிமையை நீக்கும் ஒரு வரி கிடக்கும், யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

அந்த வரி இருந்தாலும் இரண்டாவது நிற்கும். பங்கு விலை கம்பனிக்கும் இருக்கும் பங்குதாரர் எல்லோருக்கும் நியாயமானது என்று பணிப்பாளர் சபை தீர்மானித்திருக்க வேண்டும் (52ஆம் பிரிவு). 1,000 ரூபாவுக்குக் கொடுத்த பங்கை 10 ரூபாவுக்குக் கொடுத்தால், வெறும் 9,000 ரூபாவில் 40 வீதம் 94 வீதமாகிறது. கம்பனிக்குப் பணம் தேவைப்பட்டதால் வெளியிட்டோம் என்று இதைச் சொல்ல முடியாது. பணிப்பாளர் நல்லெண்ணத்துடன் கம்பனியின் நலனுக்காக நடக்க வேண்டும் என்ற 187ஆம் பிரிவும் இங்கேயே வருகிறது.

ஆளுக்குச் சமன் என்ற பேச்சை மட்டும் தனி உரிமையாக வைத்து நிற்காதீர்கள். பதிவேடு 30 என்கிறது, வாட்ஸ்அப் அதை 33 ஆக்காது. மூவரும் சமமாக நடத்தத்தான் தொடங்கினோம் என்று ஒடுக்குமுறைக்குப் பின்னணி காட்ட அது போதும், அதற்கு மேல் இழுத்தால் வழக்கு பலவீனமாகும்.

கணக்கு_வழக்கு:

மேலே சொன்னதில் 18 இலட்சம் விடுபட்டிருக்கிறது. அது பங்கு மூலதனமா, கடனா? கணக்காய்வு செய்த ஐந்தொகையில் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். பணிப்பாளர் கடன் என்றிருந்தால் பங்குச் சண்டைக்கு வெளியே தனியாகக் கேட்கலாம். எழுத்தில்லாத கடனுக்குக் காலாவதி மூன்று வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு. பணம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் 2026 நவம்பரில் முடிகிறது. கம்பனி கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அதற்குள் வாங்க முடிந்தால் காலம் புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது பிராண்ட். தேயிலைக் கம்பனியில் மெஷினை விட அதற்குத்தான் பெறுமதி. வர்த்தகக் குறி கம்பனி பேரிலா, அந்த 40 பங்குக்காரரின் சொந்தப் பேரிலா என்று தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடுங்கள். தேயிலைச் சபைப் பதிவு யார் பேரில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறி அவர் பேரில் இருந்தால், வழக்கில் வென்று 30 வீதத்தை மீட்டாலும் கையில் வருவது வெற்றுக் கம்பனிதான். அதை மனுவிலேயே சேர்க்க வேண்டும்.

என் கருத்தில் 30 வீதத்தைத் திரும்பப் பெற்று அதே ஆளோடு தொழில் செய்வது நடக்காத காரியம். உங்கள் பங்கை அவர் நியாய விலைக்கு வாங்க வேண்டும் என்று கேளுங்கள், நீதிமன்றத்துக்கு அப்படி உத்தரவிட அதிகாரம் உண்டு. விலை 900 பங்கு வெளியீட்டுக்கு முந்திய நிலையில், 30/100 என்று கணக்கிடப்பட வேண்டும். சிறு பங்கு என்பதற்காகத் தள்ளுபடி கூடாது என்பதையும் எழுத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்புக் கணக்காளர் அதைச் சொல்லித்தான் முதலில் விலையை வெட்டுவார்.

ஹட்டன்_தேயிலை:

நன்றி அண்ணே. கம்பனி பதிவதற்கு முன் ஆறு மாதம் கூட்டு வியாபாரமாக நடத்தினோம், எழுத்து எதுவும் இல்லை. அதில் சமபங்கு என்று காட்டலாமா?

பதுளை_சட்டம்:

கடினம். மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேல் என்றால் கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் கையெழுத்தாகியிருக்க வேண்டும் என்று மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. 1840இன் சட்டம், தொகையைப் பார்த்தாலே காலம் தெரியும், ஆனாலும் இன்னும் அமுலில் இருக்கிறது. அதை விட்டு வாட்ஸ்அப்பைக் காப்பாற்றுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அதை ஆதாரமாக முன்வைக்கலாம். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. உரையாடலை முழுமையாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், நம்பர் உங்கள் பேரில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். குரூப்பில் இப்போது கோபத்தில் எதுவும் எழுதாதீர்கள், அதுவும் சேர்த்துத்தான் அச்சிடப்படும்.