வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குழாய்நீர்: டி.டி.எஸ். 58 என்றால் ஆர்.ஓ. வேண்டுமா?

நான்காம் மாடி, வெள்ளவத்தை:

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் முப்பது ஆண்டுப் பழைமையான தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டில் பதினான்கு மாதக் குழந்தையும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் 71 வயது அம்மாவும் உள்ளனர். நீர் வழங்கல் சபையின் நீர் முதலில் நிலக்கீழ்த் தாங்கியில் சேர்ந்து, மோட்டரினால் மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து வீடுகளுக்கு இறங்குகிறது. இரண்டு மாதங்களாக, நீர்வெட்டு முடிந்து குழாயைத் திறக்கும்போதெல்லாம் முதல் சில நிமிடங்களுக்குப் பிளேன்ரீ நிறத்தில் நீர் வருகிறது. இதே காலத்தில் குழந்தைக்கு இரண்டு முறை வயிற்றோட்டம் ஏற்பட்டது. குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். பழம் கழுவுவதும் பல் துலக்குவதும் குழாய்நீரில்தான்.

சென்ற வாரம் வடிகட்டி விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு குவளையில் எங்கள் குழாய்நீரையும் மற்றொன்றில் தாம் போத்தலில் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரையும் (உப்பகற்றும் கருவியில் வடிகட்டியது) ஊற்றி, இரண்டிலும் உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் நீர் சேறுபோலப் பழுப்பாகித் திரள் திரளாக அழுக்கு மிதந்தது; அவருடைய நீர் அப்படியே தெளிவாக இருந்தது. அம்மா அதைப் பார்த்த பின்னர் அன்று தேநீர்கூடக் குடிக்கவில்லை. டி.டி.எஸ். மானி (கரைந்துள்ள பொருளை லீற்றருக்கு மில்லிகிராமில் காட்டுவது) எங்கள் நீருக்கு 58 என்றும் அவருடைய நீருக்கு 7 என்றும் காட்டியது. அவர் கேட்கும் விலை ஒன்றேகால் இலட்சம் ரூபாய். வேறொரு கடையில் யு.எஃப். போதும் என்கிறார்கள், மூன்றாவது கடையில் நானோ வடிகட்டி என்கிறார்கள். எதை நம்புவது? கருவியை வைத்தபோது வந்த அந்தப் பழுப்பு நிறம் உண்மையில் எங்கள் நீரில் இருந்த அழுக்குத்தானா?

ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

பிள்ளை, முதலில் அம்மாவைத் தேநீர் குடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பழுப்பு உங்கள் நீரில் இருந்ததன்று. அந்த விற்பனையாளருடைய கம்பியிலிருந்து வந்தது. அந்தக் கருவியின் ஒரு மின்வாய் இரும்பினாலும் மற்றையது பெரும்பாலும் அலுமினியத்தினாலும் ஆனவை. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து, நீரிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இரும்பு ஐதரொட்சைட்டாக, அதாவது துருவாக, வீழ்படிகிறது. நீரில் உப்புகள் சிறிதளவாவது கரைந்திருந்தால்தான் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. நீரில் அவை மிகக் குறைவு என்பதால் அங்கே ஒன்றும் நிகழவில்லை. அவர் மீண்டும் வந்தால், அவருடைய தூய நீரிலேயே ஒரு சிட்டிகை சமையலுப்பைப் போட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் நீரைவிடக் கறுப்பாகும். சாதாரண தர வகுப்பில் நாங்கள் செய்து காட்டும் மின்பகுப்புப் பரிசோதனையை ஒரு வியாபாரமாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளூரக் கோபம்.

டி.டி.எஸ். மானி பொய் சொல்வதில்லை, ஆனால் அது ஒரேயொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை அளந்து, கரைந்துள்ள உப்பின் அளவை மதிப்பிடும். பற்றீரியா, வைரசு, பூச்சிகொல்லி எதுவும் அதற்குத் தெரியாது. மலக்குழி நீர் கலந்த 58ஐயும் சுத்தமான 58ஐயும் அது ஒரே எண்ணாகவே காட்டும். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, லீற்றருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருளை அனுமதிக்கிறது. கொழும்புக்கு வரும் நீரின் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டு அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படுவது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. மழை மிகுந்த மலைச்சரிவுகளில் எளிதில் கரையாத பாறைகளின்மேல் ஓடி வருவதால் அது மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறிய கிணற்றுநீரோ வன்னீர். இதற்கு மானிகூட வேண்டாம். ஊரில் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் காறையை அம்மா எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்திருப்பார் என்று கேளுங்கள். இங்கே அந்த வேலை அவருக்கு இருந்திராது.

ஆகவே உங்கள் நீரில் அகற்ற வேண்டிய உப்பு இல்லை. ஆர்.ஓ. என்பது உப்பை அகற்றுவதற்கான கருவி. பாடசாலையில் நாம் பிரசாரணம் என்று படித்ததையும் தமிழ்நாட்டார் சவ்வூடுபரவல் என்பதையும் பம்பியின் அழுத்தத்தால் எதிர்த்திசையில் நடத்துவதுதான் அது. அந்த மென்சவ்வில் துளை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. நீர் மூலக்கூறுகள் அதனுள் ஊடுருவிச் செல்ல, உப்பின் பெரும்பகுதி பின்தங்குகிறது. நானோ வடிகட்டல் அதற்கு ஒரு படி கீழே நிற்பது. கல்சியம், மகனீசியம் போன்றவற்றை நன்றாகத் தடுக்கும், சோடியம் குளோரைட்டையும் நைத்திரேற்றையும் ஓரளவே தடுக்கும். யு.எஃப். எனப்படும் நுண்துளை மென்சவ்வின் துளைகள் ஏறத்தாழ 0.01 முதல் 0.1 மைக்கிரோன் வரை (ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொன்று). ஈ.கோலை பற்றீரியா ஒரு மைக்கிரோனுக்குச் சற்று மேற்பட்ட நீளமும் அரை மைக்கிரோன் அகலமும் கொண்டது. வயிற்றோட்டம் உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்கிரோன். இவை யு.எஃப். சவ்வைக் கடக்க முடியாது. கரைந்த உப்பு எல்லாம் கடந்துவிடும். உங்களுக்கு அதனால் நட்டமில்லை.

ஆனால் வடிகட்டி வாங்குவதற்கு முன்னர், நீர் எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடியுங்கள். என் ஐயமெல்லாம் தாங்கிகள்மீதுதான். இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும்: ஒன்று சபையின் குழாய் நிலக்கீழ்த் தாங்கிக்குள் விழும் இடத்தில், மற்றது உங்கள் சமையலறைக் குழாயில். எஞ்சிய குளோரீன், கலங்கல், மொத்தக் கொலிபோம் (வெளி அழுக்குக் கலந்ததை உணர்த்தும் பற்றீரியாக் கூட்டம்), ஈ.கோலை (அக்கூட்டத்தில் மலம் கலந்ததைக் காட்டுவது), இரும்பு ஆகிய ஐந்தும் போதும். இரத்மலானையிலுள்ள நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்திலோ கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலோ விசாரியுங்கள். பற்றீரியாப் பரிசோதனைக்குரிய கிருமியற்ற போத்தலை அவர்களிடமே பெறுங்கள்; அதனுள் இருக்கும் சோடியம் தயோசல்பேற்றை அழுக்கென்று எண்ணிக் கழுவிவிடாதீர்கள். குளோரீனை நடுநிலையாக்குவதற்காக அது போடப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் வழியிலேயே கிருமிகள் இறந்து, பொய்யான நற்சான்று கிடைக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எஞ்சிய குளோரீனை மட்டும் மாதிரி எடுக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

கடற்கரைக் கிணறு, தெகிவளை:

ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆயினும் ஆர்.ஓ. எங்குமே வேண்டாததென்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வளவிலுள்ள கிணறு கடலுக்கு அருகில் இருப்பதால் டி.டி.எஸ். 1100ஐத் தாண்டுகிறது, உவர்ப்பு நாக்கிலேயே தெரியும். எங்களுக்கு ஆர்.ஓ.வைத் தவிர வேறு வழியில்லை. ஒரு லீற்றர் நல்ல நீருக்கு மூன்று லீற்றர் வரை கழிவுநீர் வெளியேறுகிறது. அதை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுகிறோம், பூங்கன்றுகளுக்கு ஊற்றி இரண்டு செவ்வரத்தைகளை இழந்த பின்னர்.

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிணற்று மோட்டர் பழுதான காலத்தில் சபை நீரை அதே கருவிக்குக் கொடுத்தோம். குளோரீனை அகற்றும் காபன் வடிகட்டியின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. குளோரீன் நேரே மென்சவ்வுக்குச் சென்று அதை அரித்துவிட்டது. சில மாதங்களில், வடிகட்டிய நீரின் டி.டி.எஸ். 40இலிருந்து 300க்கு ஏறியபோதுதான் விளங்கியது.

குழாய் வேலை, தெமட்டகொடை:

அக்கா, நான் பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். யாரும் கேட்காத ஒரு விடயம் அழுத்தம். நீர்மட்டம் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைப்பது ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். உங்கள் குழாய்க்கும் மொட்டைமாடித் தாங்கிக்கும் இடையே எட்டு ஒன்பது மீற்றர்தான் இருக்கும். பழைய குழாய்களின் உராய்வைக் கழித்தால் முக்கால் பாருக்குக் குறைவாகவே வரும். ஆர்.ஓ. மென்சவ்வுக்குக் குறைந்தது மூன்று பார் வேண்டும் என்பதால் மின்பம்பி கட்டாயம். மின்வெட்டின்போது கருவியும் நின்றுவிடும். யு.எஃப். வகைகளில் அரைப் பாருக்கே வேலை செய்பவை உண்டு. வாங்கும்போது இயங்கத் தேவையான மிகக் குறைந்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒழுங்கு. முதலில் 5 மைக்கிரோன் பஞ்சு வடிகட்டி, பிறகு காபன், கடைசியில் யு.எஃப். காபன் குளோரீனை எடுத்துவிடுவதால் அதற்குள்ளேயே பற்றீரியா வளரும். ஆகவே மென்சவ்வு அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். சிலர் கட்டடத்தின் நுழைவாயிற் குழாயிலேயே காபனைப் பூட்டச் சொல்லுவார்கள். அப்படிச் செய்தால் தாங்கி முழுவதும் குளோரீன் இல்லாத நீர் தேங்கிக் கிடக்கும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

நான்காம் மாடி, வெள்ளவத்தை (மூன்று வாரங்களின் பின்னர்):

அனைவருக்கும் நன்றி. முடிவுகள் வந்துவிட்டன. சபையின் நீர் தாங்கிக்குள் விழும் இடத்தில் எஞ்சிய குளோரீன் லீற்றருக்கு 0.4 மில்லிகிராம், ஈ.கோலை இல்லை. எங்கள் சமையலறைக் குழாயில் குளோரீன் அறவே இல்லை; 100 மில்லிலீற்றரில் மொத்தக் கொலிபோம் 34, ஈ.கோலை 4. இரும்பும் வரம்பைச் சற்றுத் தாண்டியிருந்தது. தாளைக் காட்டிய பின்னரே நிருவாகக் குழு அசைந்தது. நிலக்கீழ்த் தாங்கியின் கொங்கிறீட் மூடி வெடித்திருந்ததையும், வாகனத் தரிப்பிடத்தில் தேங்கும் மழைநீர் அதனூடாகக் கசிந்ததையும் கண்டுபிடித்தார்கள். அடியில் ஒரு சாண் சேறு. தாங்கிகள் இரண்டையும் கழுவி, லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரீன் கலந்த நீரை ஓரிரவு நிறுத்திவைத்து வெளியேற்றி, புதிய மூடியும் போட்டார்கள். மீண்டும் சோதித்தபோது ஈ.கோலை இல்லை. காலையில் வரும் பழுப்பு மட்டும் குறைந்திருக்கிறதே ஒழிய நிற்கவில்லை. உள்ளே ஓடுபவை பழைய நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய்களாம், அவற்றை மாற்ற இப்போதைக்குப் பணமில்லையாம்.

இனியும் வடிகட்டி தேவையா? அம்மா ஊருக்குத் திரும்பும்போது இதே போன்ற ஒன்றை அங்கேயும் பூட்டலாமா?

ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

மிகவும் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், பிள்ளை. நோய் தாங்கியில் இருந்தது. அன்றைக்கே ஆர்.ஓ. வாங்கியிருந்தால் உங்கள் ஒரு குழாய் மட்டும் தப்பியிருக்கும்; பல் துலக்கும் நீரும் மற்ற வீட்டுக் குழந்தைகளின் நீரும் அப்படியே இருந்திருக்கும். மூடி மீண்டும் வெடிக்கலாம், நீர்வெட்டின்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து வெளியிலுள்ள அழுக்கு உறிஞ்சப்படலாம் என்பதால் யு.எஃப். பூட்டுவதில் பொருள் உண்டு. துளை 0.02 மைக்கிரோனோ அதற்குக் குறைவோ ஆனதைத் தேடுங்கள். ஈரலழற்சி ஏ வைரசு 0.03 மைக்கிரோனுக்கும் சற்றுச் சிறியது, 0.1 மைக்கிரோன் சவ்வை அது எளிதாகக் கடக்கும். உள்ளே ஓர் இழை அறுந்தாலும் வெளியே தெரியாது என்பதால், குழந்தைக்குரிய நீரை மட்டும் தொடர்ந்து கொதிக்க வையுங்கள்.

ஊரில் இதைப் பூட்டினால் கேத்திற் காறைகூடக் குறையாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டத்து உரமும் மலக்குழியும் கிணற்றுக்கு அருகில் இருந்தால் அது எளிதில் தாண்டும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடும். கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை அது குறைப்பதால், பால்மா கரைக்கும் நீரில் அது மிகவும் ஆபத்தானது. எண் வரம்பைத் தாண்டினால் அங்கே ஆர்.ஓ. வாங்குங்கள், வன்மை மட்டும் பிரச்சினை என்றால் நானோ வடிகட்டலையும் ஆலோசிக்கலாம். பரிசோதனைத் தாள் இல்லாமல் இரண்டையும் வாங்க வேண்டாம்.

நான்காம் மாடி, வெள்ளவத்தை:

யு.எஃப். பூட்டி ஐந்து வாரங்கள் ஆகின்றன. முதலில் ஒரு லீற்றர்ப் போத்தல் ஒரு நிமிடத்தில் நிரம்பியது. இப்போது நான்கு நிமிடங்கள் ஆகின்றன. மென்சவ்வு அடைத்துவிட்டதா? புதியது வாங்க வேண்டும் என்கிறது கடை.

குழாய் வேலை, தெமட்டகொடை:

அக்கா, பணம் கொடுப்பதற்கு முன்னர் பஞ்சு வடிகட்டியைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டோடு ஒரு நிமிடம் மட்டும் திறந்து பாருங்கள். ஓட்டம் திரும்பினால் அடைப்பு அதில்தான், மாற்றிவிடுங்கள். திரும்பாவிட்டால் யு.எஃப். குழலின் அடியிலுள்ள கழுவும் வால்வை அரை நிமிடம் முழுதாகத் திறந்துவிடுங்கள். உங்கள் கட்டடத்துத் துருவுக்கு வாரம் ஒரு முறை அப்படிக் கழுவுவது நல்லது.

நான்காம் மாடி, வெள்ளவத்தை:

பஞ்சுதான். வெள்ளையாகப் பூட்டியது செங்கல் நிறத்தில் வெளியே வந்தது. புதியதைப் போட்டதும் போத்தல் ஒரு நிமிடம் பத்து விநாடிகளில் நிரம்பியது. பழையதை எறியாமல் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நிருவாகக் குழுக் கூட்டத்தில் குழாய்களைப் பற்றிப் பேசும்போது மேசைமேல் வைக்கப் போகிறேன்.