மிக்கி ட்ரெக்ஸ்லர்: துணி தெரிந்தவர் சரி, கடன் தெரிந்தவரா?

பாவுநூல்:
"அமெரிக்க ஜவுளிக்கடை உலகம் கண்ட பெரிய வித்தகர் ட்ரெக்ஸ்லர்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1944-ல் பிறந்த பிராங்க்ஸ்காரர். அப்பாவுக்கு கோட் கம்பெனியில் பட்டன் வாங்கும் வேலை. மகன் ஆன் டெய்லர் என்ற பெண்கள் உடைக் கடையை நிமிர்த்திவிட்டு 1983-ல் கேப் என்ற உடைக் கடை நிறுவனத்துக்குப் போனார். 2002-ல் வெளியே அனுப்பப்பட்டார். 2003-ல் ஜே.குரூ என்ற இன்னொரு உடைக் கடை நிறுவனத்துக்குத் தலைமை நிர்வாகியாக வந்து 2017 வரை அந்தப் பதவியில் இருந்தார். 2020 மே மாதம் ஜே.குரூ திவால் மனு போட்டது. இந்தக் கடைசி வரியை மட்டும் ரசிகர்கள் எல்லாரும் ஏன் விழுங்கிவிடுகிறீர்கள்?

காஜாபட்டன்:
எழுதினது நான்தானுங்க. அவரு வர்றப்ப கேப்போட வருச விற்பனை 48 கோடி டாலர். 2000-ல சுமார் 1,370 கோடி. அவரு வர்றப்ப லீவைஸ் ஜீன்ஸும் கூடவே வித்துக்கிட்டிருந்த கடைங்க அது. சொந்த லேபிள்தான் இனிமே கடைன்னு மாத்தினது யாரு? 1994-ல கேப்போட மலிவு விலைக் கடையா ஓல்டு நேவி ஆரம்பிச்சு, நாலே வருசத்துல 100 கோடி டாலர் தாண்டுச்சு. இதெல்லாம் அதிர்ஷ்டமா?

பாவுநூல்:
அதே ஓல்டு நேவிதான் கேப்பின் வாடிக்கையாளரையே இழுத்துக்கொண்டது. பக்கத்துத் தெருவில் அதே மாதிரி சட்டை பாதி விலைக்குக் கிடைத்தால் கேப்புக்கு எவன் போவான்? பிறகு இளவட்டத்தைப் பிடிக்கிறேன் என்று ஏதேதோ வண்ணத்தில் இறக்க, பழைய ஆட்களும் கைவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் மாதாமாதம் விற்பனைச் சரிவு. நிறுவனர் டான் ஃபிஷர் எத்தனை நாள் பொறுப்பார்?

காஜாபட்டன்:
தப்புப் பண்ணினாரு, இல்லீங்கல. ஆனா 2002 கடைசியில விற்பனை மறுபடி ஏறுச்சே, அது யாரு போட்ட சரக்கு? நான் திருப்பூர்ல பதினாலு வருசம் மெர்ச்சன்டைசர், ஏற்றுமதி ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கப்பல் ஏறுற வரைக்கும் பாக்கறவன். டிசைன் முடிவாகி, சாம்பிள் ஓகே ஆகி, நூல் வாங்கி, சாயப்பட்டறை போயி, தைச்சு, தூத்துக்குடியில கப்பல் ஏத்தி அங்க கடைக்குப் போறதுக்குள்ள ஆறேழு மாசம் ஓடிரும். புதுசா டிஸ்னில இருந்து வந்த பால் பிரெஸ்லர் ட்ரெக்ஸ்லரோட நாற்காலியில உக்காரும்போது ரேக்ல தொங்கினது பூராவும் ட்ரெக்ஸ்லர் தேர்ந்தெடுத்தது. பேரு மட்டும் அடுத்தவருக்கு. பிரெஸ்லர் 2007-ல கிளம்பினாரு, அந்தக் கதையையும் படிச்சுப் பாருங்க.

கணக்கு டீச்சர்:
ரெண்டு பேரும் கேப்பையே சுத்திக்கிட்டு இருக்கீங்க. விஷயம் ஜே.குரூவில்தான் இருக்கு. உள்ளே வரும்போது சொந்தக் காசு ஒரு கோடி டாலர் போட்டார். 2006-ல் பங்குச்சந்தைக்குக் கொண்டுவந்தார், அதே ஆண்டு மேட்வெல் என்ற துணை பிராண்டைத் தொடங்கினார். ஆபீஸ் முழுக்க ஒலிபெருக்கி வைத்து உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாரிடமும் பேசுவாராம். (எனக்கு ஸ்கூல் ஹெச்.எம். ஞாபகம்!) இதுவரைக்கும் காஜாபட்டன் அண்ணன் கட்சிதான் நான்.

ஆனால் 2011-ல் டிபிஜி, லெனர்ட் கிரீன் என்ற ரெண்டு முதலீட்டு நிறுவனங்கள் ஜே.குரூவைச் சுமார் 300 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கினார்களே, அதில் பாதிக்கு மேல் கடன். வாங்கினவர்கள் தலையில் இல்லை, கம்பெனி தலையில். ட்ரெக்ஸ்லர் தன் இயக்குநர் குழுவுக்கே தெரிவிக்காமல் வாரக்கணக்கில் டிபிஜியோடு பேசினார் என்று பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-ல் இன்னும் 50 கோடி டாலர் கடன் வாங்கி உரிமையாளர்களுக்கு டிவிடெண்டாக (பங்குக்கு உரிய தொகையாக) பிரித்துக் கொடுத்தார்கள். அதில் புதுக் கடை திறந்தார்களா, இணைய விற்பனையைச் சரிசெய்தார்களா?

காஜாபட்டன்:
டீச்சர், அது பைனான்ஸ்காரங்க வேலைங்க. அவரு துணி பாக்கறவரு.

கணக்கு டீச்சர்:
துணி மட்டும் பார்க்கிறவர் கையில் பங்கு இருக்காது அண்ணே. இவரும் அந்த டீலில் உரிமையாளர்தான். 2016 கடைசியில் ஜே.குரூ என்ற பெயரின் உரிமையில் 72 சதவீதத்தைக் கேமன் தீவுக் கம்பெனிக்கு மாற்றினார்கள், கடன் கொடுத்தவன் கை எட்டாத இடத்துக்கு. அப்போதும் தலைமை நிர்வாகி இவர்தான்.

பாவுநூல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கணக்கு டீச்சர்:
இல்லை சார், நீங்கள் சொன்னது ரசனை தப்பு என்று. ரசனை தப்பினால் அடுத்த சீசனில் திருத்திக்கொள்ளலாம். ஜாராவும் அமேசானும் வந்த நேரத்தில் எல்லாக் கடைக்கும்தான் அடி விழுந்தது. தொழில்நுட்பம் கடைத்தொழிலை மாற்றும் வேகத்தைக் குறைவாக எடை போட்டேன் என்று அவரே 2017-ல் ஒப்புக்கொண்டார். கடன் இல்லாத கடை ரெண்டு மோசமான வருஷத்தைத் தாங்கும். வட்டி கட்டிக்கொண்டே எப்படித் தாங்கும்?

காஜாபட்டன்:
சரிங்க, வட்டிக் கணக்குல எனக்குப் பதில் இல்லீங்க. ஆனா ஆப்பிள் கடைகளையும் சேத்து எழுதுங்க. 1999-லிருந்து ஆப்பிள் இயக்குநர் குழுவுல இருந்தாரு. தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு கிடங்குல மாதிரிக் கடை கட்டிப் பாருங்கன்னு ஸ்டீவ் ஜாப்ஸுக்கு யோசனை சொன்னது இவருதான்.

பாவுநூல்:
அது வேறு இழை. தனியாகத் தொடங்குங்கள், அங்கேயும் வருகிறேன்.