மருதம்பட்டைப் பால் திரிஞ்சு கறுத்துப் போகுது, பட்டையில கலப்படமா?

கேள்வி (பொன்னிக்கரை):
நாட்டு மருந்துக் கடையில மருதம்பட்டைத் தூள் வாங்கினேன். ஒரு டம்ளர் பால்ல ஒரு ஸ்பூன் போட்டுக் காய்ச்சினா திரிஞ்சுடுது. நிறமும் கருஞ்சாம்பலா மாறுது. மருந்துக்கு எடுக்கிற வெண்மருதுக்குப் பதிலா கருமருது கொடுத்துட்டாங்களா?

பதில் (வேர்க்கொடி):
எந்தப் பாத்திரம்? இரும்புச் சட்டின்னா கறுப்புக்குக் காரணம் அதுதான். பட்டையில துவர்ப்புச் சத்து அதிகம், இரும்பு பட்டதும் மை மாதிரி கறுக்கும். கருமருதும் இதையேதான் செய்யும், அதனால நிறத்தை வெச்சு கலப்படம்னு முடிவு கட்டாதீங்க. எவர்சில்வர்ல காய்ச்சுங்க.

திரியறதுக்குத் தண்ணி சேர்க்காததும் ஒரு காரணமா இருக்கலாம். பால் கஷாயத்துக்கு ஆயுர்வேத அளவு 1:8:32. அதாவது பட்டை 5 கிராம், பால் 40 மி.லி., தண்ணி 160 மி.லி. சின்னத் தீயில தண்ணியெல்லாம் வத்தி, பால் அளவு 40 மி.லி. நிக்கணும். அரை மணிக்கு மேல ஆகும், அவசரப்பட்டுத் தீயைக் கூட்டக் கூடாது. மைதா மாதிரி நைசான தூள் அடிபிடிக்கும், வடிகட்டவும் விடாது. கொரகொரப்பா இடிச்சதை வாங்குங்க.

பொன்னிக்கரை:
இரும்புச் சட்டிதான்! கொதிக்கும்போது வெல்லமும் போட்டேன்.

வேர்க்கொடி:
அப்போ பட்டை மேல பழி போடாதீங்க. கொதிக்கிற பால்ல வெல்லம் விழுந்தா பாயசமே திரியும். வடிகட்டி, வெதுவெதுப்பா ஆனப்புறம் பனங்கற்கண்டு சேருங்க.

பதில் (ஆத்தோரம்):
தூளைப் பார்த்து வெண்மருதா கருமருதான்னு சொல்லவே முடியாது. முழுப் பட்டையா வாங்குங்க. வெண்மருதுப் பட்டையின் வெளிப்புறம் வெளிர்சாம்பல், வழவழப்பு, உட்புறம் இளஞ்சிவப்பு. மரத்துலயே தகடு தகடா உரியும். கருமருது கறுப்பா, கட்டம் கட்டமா வெடிச்சு முதலைத் தோல் மாதிரி இருக்கும். வெண்மருது திருவிடைமருதூர் பேருக்கே காரணமான மரம், காவிரிக் கரையில நிறைய நிக்குது. ஆனா மரத்தைச் சுத்தி வளையமா உரிச்சா மேலே தயாரிக்கிற உணவு வேருக்கு இறங்காது, மரம் பட்டுப்போகும். முத்தின மரத்துல ஒரு பக்கம் மட்டும் நீளவாக்குல, உள்மரம் தெரியாம எடுத்து நிழல்ல உலர்த்துங்க.

பதில் (கஷாயக்கலயம்):
மருதம்பட்டை நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்லி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க. அதே சமயம் மாத்திரையும் பட்டையும் சேர்ந்தா அழுத்தம் ரொம்பவே இறங்கலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம தொடவே வேணாம். கர்ப்பிணிகளும் தவிர்க்கணும். துவர்ப்பு அதிகம்கிறதால சிலருக்கு மலச்சிக்கல் வரும், வந்தா நிறுத்திடுங்க. மறுபடி ஆரம்பிக்கிறதா இருந்தா வைத்தியரைக் கேட்டு அளவைக் குறைச்சு எடுங்க.