மில் கவர் ஸ்டாம்புகள்: எதை ஊற வைக்கலாம், எதைத் தொடாம விடலாம்?

தாராபுரத்தான்

பழைய ஜின்னிங் மில் கணக்குப் பெட்டியில இருந்து முந்நூறு கவருக்கு மேல கெடச்சிருக்குங்க. பெரும்பாலும் 1970, 80கள்ல வந்தது. கொஞ்சம் அணாக் காலத்துக் கவரும் இருக்குது. பழுப்பு, மஞ்சள், ரோஸ்னு எல்லா நெறத்துலயும் கவர். கூடவே ஒரு பனியன் கம்பெனிக்கு அமெரிக்கா, இங்கிலாந்துல இருந்து வந்த புதுக் கவர்களும் ஒரு கட்டு.

அஞ்சாறை ஊற வெச்சுப் பாத்ததுல ரெண்டுல ரோஸ் சாயம் ஏறிப்போச்சு. ஒண்ணு காஞ்சதும் பீடியாட்டம் சுருண்டுக்கிச்சு. அமெரிக்கா ஸ்டாம்பு ராத்திரி பூரா ஊறியும் கவரை விடலை. தண்ணி எவ்வளவு சூடு இருக்கோணும், எவ்வளவு நேரம் போடோணும்? உப்புப் போட்டா சாயம் ஏறாதுங்கறாங்களே, நெசமா? எங்க ஊர்ல போர் தண்ணிதானுங்க.

நொய்யல்கரை

மொதல்ல கத்திரிக்கோலைக் கீழ வைங்க. முந்நூறையும் ஊற வைக்க வேண்டியதில்லை.

அணா ஸ்டாம்பு, அதாவது 1957 ஏப்ரல் 1க்கு முந்தினது, கவரோடவே இருக்கட்டும். சின்ன ஊர் முத்திரை தேதியோட முழு வட்டமா தெளிவா விழுந்திருந்தா அதுவும் அப்படியே. ஸ்டாம்பை மட்டும் எடுத்தா முத்திரையில பாதி கவரோட போயிரும். இன்லாண்டு லெட்டர், ஸ்டாம்பு அச்சடிச்சே வர்ற தபால் கவர் ரெண்டையும் வெட்டவே கூடாது. வெட்டின துண்டுக்குச் சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பில்லை.

உங்க பெட்டியில நான் தேடச் சொல்றது 1971 நவம்பர் 15க்கு அப்புறம் வந்த கவர்கள். பங்களாதேஷ் அகதிகள் நிவாரணத்துக்குன்னு அப்ப தபாலுக்கு 5 பைசா கூடுதலா ஒட்டினாங்க. குடும்பக் கட்டுப்பாடு படம் போட்ட 5 பைசா ஸ்டாம்பு மேல 'ரெஃப்யூஜி ரிலீஃப்'னு ஆங்கிலத்துல கறுப்பு எழுத்து இருக்கும். அச்சுல வந்தது நெறையக் கெடைக்கும், ஊற வைக்கலாம். ஆனா அச்சடிச்சது வந்து சேராத ஊர்கள்ல ரப்பர் ஸ்டாம்பால குத்தியே வித்தாங்க. எழுத்து கோணலாவோ மை ஒழுங்கில்லாமலோ இருந்தா தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க. ரப்பர் ஸ்டாம்பு மை கரையும். கவரும் தேதி முத்திரையும் இல்லாம போனா, பிற்பாடு எவனோ வீட்டுல உக்காந்து குத்தினது இல்லைன்னு எதை வெச்சுக் காட்டுவீங்க?

கூடுதுறை

ஊற வைக்கும் முறை.

ஸ்டாம்பைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் ஓரத்துப் பல் ஒன்று போனாலும் ஸ்டாம்பு வீண். கவரின் பின்தாளும் சேர்ந்து வந்தால் அதைப் பிரித்துப் போடுங்கள், ஊறும் நேரம் பாதியாகும். வெள்ளைக் கவர் தனி, பழுப்பு தனி, நிறக் கவர் கடைசி. ஊதா மை முத்திரை விழுந்தவற்றையும் நிறக் கவரோடு சேருங்கள், அந்த மையும் ஓடும்.

பாத்திரம் அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். இருபது, இருபத்தைந்துக்கு மேல் போட வேண்டாம். தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக, குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருந்தால் போதும். கொதிநீர் ஊற்றினால் மை இளகும், தாளும் நைந்துவிடும். படம் மேலே இருக்குமாறு மிதக்க விடுங்கள். சாதாரணப் பசை 15–20 நிமிடத்தில் விடும். தபால் ஆபீஸ் மேசைப் பசையை அப்பி ஒட்டியது அரை மணி. வெள்ளை ஃபெவிகால் என்றால் தண்ணீரை மாற்றி ஒரு மணி நேரம்கூட ஆகும்.

விரலால் லேசாகத் தள்ளினால் ஸ்டாம்பு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். நகரவில்லையென்றால் இன்னும் ஊறட்டும். பிடித்து இழுத்தால் பின்பக்கத் தாள் உரிந்து அந்த இடம் மெலிந்துவிடும். முன்னால் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நிலாத் துண்டு போலத் தெரியும்.

உங்கள் ஸ்டாம்பு சுருண்டதற்குக் காரணம் மிச்சப் பசை. கவரை விட்டு வந்ததும் வேலை முடிந்துவிடாது. வேறு நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, முதுகை விரல் நுனியால் தடவுங்கள். வழவழப்பு இருக்கும் வரை பசை இருக்கிறது. அது காயும்போது இறுகி, தாளைப் பின்னோக்கி இழுக்கும். சுருண்டதை விரித்து நிமிர்த்தாதீர்கள், மடிப்பு விழும். மறுபடி பத்து நிமிடம் ஊற வைத்து அலசினால் சரியாகிவிடும்.

போர் தண்ணீரில் ஊற வைப்பதில் தவறில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்கள், கோயமுத்தூர்ப் பக்கமாக இருந்தால் சிறுவாணி. உப்புத் தண்ணீர் காய்ந்தால் அடர்நிற ஸ்டாம்பில் வெள்ளை படியும்.

எடுக்க, நுனி தட்டையான ஸ்டாம்பு இடுக்கி வேண்டும். புருவம் திருத்தும் இடுக்கி தாளைக் குத்தும். அச்சடிக்காத வெள்ளைத் தாளிலோ மை உறிஞ்சும் ப்ளாட்டிங் பேப்பரிலோ படம் கீழே இருக்குமாறு பரப்புங்கள். செய்தித்தாளின் மை ஈர ஸ்டாம்பில் ஏறும். வெயிலும் ஃபேனும் வேண்டாம். ஆடி மாதம் என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். முக்கால் ஈரம் போனதும் இரண்டு ப்ளாட்டிங் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள்.

2006இல் வந்த 15 ரூபாய் சந்தன மண ஸ்டாம்பு கிடைத்தால் ஊற வைக்காதீர்கள். மணம் தண்ணீரோடு போய்விடும்.

சாயப்பட்டறைக்காரன்

உப்பு விசயம். திருப்பூர்ல சாயத் தொட்டியில உப்பை எதுக்குக் கொட்டறோம்? தண்ணியில இருக்கற சாயத்தைத் துணி மேல தள்ளறதுக்கு. பருத்தியும் காகிதமும் ஒரே சரக்குதான், ரெண்டும் செல்லுலோஸ். அதனால உப்புப் போட்டா கவர்ச் சாயம் வெளிய வர்றது கொறையும், அது நெசம். ஆனா வந்த சாயம் ஸ்டாம்பு மேல எச்சா ஏறும், அதையும் நெனச்சுக்குங்க. கடைசியில நல்லா அலசலைன்னா மிச்ச உப்பு மழைக்காலத்துல ஈரத்தை இழுக்கும்.

ரோஸ், சிவப்புக் கவருக்கு உப்பை விடுங்க. பச்சைத் தண்ணியில, ஒரு போசிக்கு ஒண்ணே ஒண்ணு. கவர் பக்கம் மட்டும் நனையற மாதிரி மெதக்க விட்டு, தண்ணியில நெறம் தெரிஞ்ச ஒடனே தண்ணியை மாத்திருங்க. ஸ்டாம்பு மேல சாயம் காஞ்சுட்டா அப்புறம் போகாது. ப்ளீச்சிங் போட்டுப் பாக்க வேண்டாம், ஸ்டாம்பு நெறமும் சேந்து போயிரும்.

தாராபுரத்தான்

செரிங்க. ரெஃப்யூஜி ரிலீஃப் கவர் பதினேழு தேறுது, அதுல மூணு எழுத்து கோணலா இருக்குது. தனியா எடுத்து வெச்சுட்டேன். அமெரிக்கா, இங்கிலாந்துக் கட்டை என்ன பண்றதுங்க?

நொய்யல்கரை

அந்த மூணையும் படம் புடிச்சு இங்க போடுங்க.

வெளிநாட்டுது ஸ்டிக்கர் பசை. முன்னெல்லாம் ஸ்டாம்புக்கும் பசைக்கும் நடுவுல தண்ணியில கரையற ஒரு படலம் கொடுத்தாங்க. இப்ப வர்ற அமெரிக்க ஸ்டாம்புல அது இல்லை, ஒரு வாரம் ஊற வெச்சாலும் விடாது. இங்கிலாந்து ராணித் தலை ஸ்டாம்புல 2009ல இருந்து ஆங்கில 'யு' எழுத்தாட்டம் வெட்டுப் போட்டே விட்டாங்க. எடுத்து மறுபடி ஒட்டக் கூடாதுன்னுதான் அது. உரிச்சா துண்டு துண்டா வரும்.

லைட்டர் திரவத்தைக் கவரோட பின்பக்கம் ரெண்டு மூணு சொட்டு விட்டு, ஒரு நிமிசம் கழிச்சு, ஸ்டாம்பை அசைக்காம கவர்த் தாளைப் பின்னால வளைச்சு உரிக்கறவங்க உண்டு. முதுகுல ஒட்டுற பசைக்கு டால்கம் பவுடர் தடவணும். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது, ஜன்னல் தொறந்திருக்கணும். சில அச்சு மையை அந்தத் திரவம் கலைக்கும், அதனால ரெட்டையா இருக்கறதுல மொதல்ல பாருங்க.

என்னைக் கேட்டா அவ்வளவு பாடு வேண்டாம். நாலு பக்கமும் அஞ்சு மில்லிமீட்டர் விட்டு ஸ்கேல் வெச்சு நேரா வெட்டி, கவர்த் தாளோடவே ஆல்பத்துல வைங்க.