கல்லறைக்குள் பாராசெல்சஸ் புத்தகம் எப்படிப் போனது?

பழையஏடு: ரோசிக்ரூசியன் சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்பை 1400களில் கிறிஸ்டியன் ரோசன்க்ராய்ட்ஸ் என்ற ஜெர்மானியர் தொடங்கினார் என்று நேற்று ஒருவர் வரலாறு போலவே எழுதிவிட்டார். படித்ததும் எரிச்சலாக வந்தது. 1614இல் காசெல் நகரில், எழுதியவர் பெயரில்லாமல் அச்சான ‘ஃபாமா ஃபிரடெர்னிடாடிஸ்’ சொல்லும் கதை அது. அவர் 1484இல் இறந்தாராம், 120 வருடம் மூடிக்கிடந்த கல்லறையில் சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸின் சொல்லகராதி இருந்ததாம். பாராசெல்சஸ் பிறந்ததே 1493!

ரோஜாத்தோட்டம்: எழுதியது நான்தான், ‘ஒருவர்’ இல்லை. கல்லறை கிடைத்த கதையையே பாருங்கள்: சகோதரர்கள் பித்தளைத் தகட்டில் இறுகியிருந்த ஆணியைப் பிடுங்குகிறார்கள். கூடவே ஒரு கல் பெயர்ந்து வருகிறது. பின்னால் மறைந்திருந்த கதவில் ‘120 ஆண்டுகளுக்குப் பின் திறப்பேன்’ என்ற எழுத்து. உள்ளே ஏழு சுவர், அழுகாத உடல். ஆணி வரைக்கும் யாராவது இட்டுக்கட்டுவார்களா?

பழையஏடு: ஆணி இருக்கட்டும். புத்தகம் எப்படி உள்ளே போனது?

ரோஜாத்தோட்டம்: அடுத்து வந்த சகோதரர்கள் வைத்திருப்பார்கள். காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பதுதான் அவர்களுடைய முதல் விதி. வைத்திய நூலை வைத்ததில் என்ன அதிசயம்?

பழையஏடு: மூடிய கதவுக்குள் எந்த வழியாகப் போய் வைத்தார்கள்?

சிலம்பு: அண்ணே, ஃபாமாவை எழுதியதாகச் சொல்லப்படும் யோஹான் வாலண்டின் ஆண்ட்ரேயே தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே அதை ‘லூடிப்ரியம்’, வெறும் விளையாட்டு என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன பேச்சு?

பழையஏடு: அவர் சொன்னது 1616இல் வந்த தன் ‘இரசவாதத் திருமணம்’ நூலைப் பற்றி, ஃபாமாவைப் பற்றி இல்லை. எனக்கு ஆதரவாகப் பேசினாலும் சரியாகப் பேசுங்கள்.

சிலம்பு: கைகொடுக்க வந்தவனையே கடிக்கிறீர்கள். டெம்ப்ளர் என்ற பழைய வீரத்துறவிகளைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

பழையஏடு: டெம்ப்ளர் விவாதத்தில் நான் சொன்ன தேதிதான் சரி. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

ரோஜாத்தோட்டம்: பார்த்தீர்களா, இவருக்குத் தேதியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. டமாஸ்கஸ், எகிப்து, மொராக்கோவின் ஃபெஸ் என்று அறிவைத் தேடி அலைந்த ஒரு மனிதரின் கதை இது. அதில் உள்ள ஆன்மிகம் உங்களுக்குப் பிடிபடாது.

பழையஏடு: ஆன்மிகத்தை நான் தொடவே இல்லை. வரலாறு என்று எழுதியது நீங்கள். 1484இல் இறந்தவர், 1493இல் பிறந்தவர். புத்தகம் எப்படி உள்ளே போனது?

ரோஜாத்தோட்டம்: சகோதரர்கள் வைத்தார்கள் என்று சொல்லியாகிவிட்டது.

பழையஏடு: எந்தக் கதவு வழியாக?