குங்கிலியம் என்று கேட்டால் எந்த மரத்துப் பிசின் கிடைக்கிறது?

தக்கலைக்காரன்:
பித்தவெடிப்புக்கும் சிறு தீப்புண்ணுக்கும் குங்கிலிய வெண்ணெயை மிஞ்சிய மருந்து இல்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வெறும் நம்பிக்கை என்று நாகர்கோவில் நண்பர் அதைத் தள்ளிவிட்டார். பொடித்துச் சலித்த குங்கிலியத்தை நல்லெண்ணெயில் இட்டு இளந்தீயில் உருக்கி, துணியில் வடித்து, அகன்ற பாத்திரத்துத் தண்ணீரில் ஊற்றிக் கையால் அடிக்க வேண்டும். தண்ணீரை மாற்றி மாற்றி அடிக்க அடிக்கப் பழுப்பு எண்ணெய் வெளுத்து, விரலில் வழித்தால் வெண்ணெயாகவே நிற்கும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகும் பெண்களின், இதைத் தடவி ஆறிய குதிகாலைப் பார்த்தவர்கள் இதை நம்பிக்கை என்று சொல்லமாட்டார்கள்.

நாகர்கோவில் மருந்தாளுநர்:
ஐயா, செய்முறையில் எனக்குக் குறை இல்லை. எந்தப் பிசின் என்பதே என் கேள்வி. குங்கிலியம் என்ற பெயரில் பல மரங்களின் பிசின் விற்கிறது. அவற்றுள் சால் மரம் சத்தீஸ்கர், ஒடிசா பக்கத்துக் காடுகளுக்கு உரியது. வெள்ளைக் குங்கிலியம் தரும் மரமும் கருங்குங்கிலியம் தரும் மரமும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவை. குந்திரிக்கமோ வறண்ட காட்டு மரத்தின் பிசின். இவை ஒரே குடும்பத்து மரங்கள்கூட அல்ல. குந்திரிக்கத்தில் உள்ள, வீக்கம் தணிப்பதாகச் சொல்லப்படும் போஸ்வெல்லிக் அமிலத்தைப் பற்றிய ஆய்வைக் காட்டி மற்றவற்றுக்கும் அதே பலனைச் சொல்வது எப்படிப் பொருந்தும்? கோட்டாற்றில் மூன்று கடைகளில் குங்கிலியம் கேட்டு வாங்கினேன்: ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர்மஞ்சள், மூன்றாவது கண்ணாடிச் சில்லைப்போல மின்னியது. கடைசியதை உரசியபோது பைன் மர வாடை அடித்ததால், பைன் பிசினிலிருந்து எடுக்கும் ரோசனமாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். ரோசனம் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது நன்கு அறியப்பட்டது; ஒவ்வாமைப் பரிசோதனைப் பட்டியலில் அது வழக்கமாகவே இடம்பெறுகிறது. தீப்புண்ணுக்கோ முதல் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர்தான் மருந்து. புதுப்புண்ணில் எந்த எண்ணெய்ப் பசையும் வேண்டாம்.

பேச்சிப்பாறையான்:
மருந்தாளுநர் சொல்வது சரிதான், ஆனால் இருவரும் மரத்தை மறந்துவிட்டீர்கள். கருங்குங்கிலியத்துக்காக அடிமரத்தைக் கொத்தி, பிசின் கூடுதலாக வடியட்டும் என்று அடியில் தீ மூட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் சுட்ட மரம் நெடுநாள் நிற்பதில்லை. தேன், பிசின் போன்ற சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காணிக்காரர் உள்ளிட்ட காட்டுமக்களுக்கு வழங்கியுள்ளது. மரம் பட்டுப்போனால் அந்த உரிமையால் யாருக்கு என்ன பயன்?

தக்கலைக்காரன்:
வீட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். கறுப்பும் மஞ்சளும் கலந்தே கிடக்கின்றன. தீப்புண்ணைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வெடிப்பு விஷயத்தில் மட்டும் நான் அசையமாட்டேன். பத்து நாளில் மூடியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நாகர்கோவில் மருந்தாளுநர்:
அது பிசினால் மூடியதா, நல்லெண்ணெயால் மூடியதா? ஒரு காலுக்கு வெண்ணெயும் மறு காலுக்கு வெறும் எண்ணெயும் தடவிப் பார்த்ததுண்டா?

தக்கலைக்காரன்:
இல்லை. இன்றிரவு முதல் இடது காலுக்கு வெறும் எண்ணெய்தான். ஆனால் டப்பாவில் உள்ள கறுப்பையும் மஞ்சளையும் எப்படிப் பிரிப்பது என்று முதலில் சொல்லுங்கள்.