சுவரோரம் ஒற்றை வரிசையில் பாப்கார்ன் சோளம் நட்ட கதை

விதைப் பையில் இருந்த படத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். ‘ஸ்ட்ராபெரி’ என்ற பழைய ரகம். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கதிர், அடர்சிவப்பு மணிகள். இடம் இல்லாததால் சுவரோரம் 12 செடிகளை ஒரே வரிசையில் நட்டேன். செடிகள் தோள் உயரம் வந்தன. மடலை உரித்தால் பொக்கை வாய்! ஒரு கதிரில் எண்ணிப் பார்த்தேன், 31 மணிகள்தான்.

உரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு வரிசையில் இருந்தது. கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. அதில் மகரந்தம் விழாவிட்டால் அந்த இடம் காலி. மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று. ஒற்றை வரிசையில் அது பெரும்பாலும் வெளியே போய்விடும். அடுத்த முறை அதே 12 செடிகளை நாலுக்கு மூன்றாகக் கட்டம் கட்டி நட்டேன். காலை வேளைகளில் ஆண் பூவை இழைகள் மேல் உலுக்கியும் விட்டேன். கதிர் நிறைந்தது.

சந்தோஷத்தில் உரித்த அன்றே அடுப்பில் வைத்தேன். பாதி வெடிக்கவே இல்லை. வெடித்ததும் ரப்பர் மாதிரி இருந்தது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

---

அக்கா, எனக்கும் ஆனது. அது ஈரம். மணிக்குள் இருக்கும் தண்ணீர்தான் வெடிமருந்து. சுமார் 180 டிகிரி செல்சியஸில் உள்ளே ஆவி அழுத்தம் தாங்காமல் தோல் கிழிகிறது. அதற்கு ஈரப்பதம் 14 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் ரப்பர், குறைந்தால் வெடிக்காத கொட்டை.

மடல் வைக்கோல் நிறமாகும் வரை கதிரைச் செடியிலேயே விடுங்கள். பிறகு மடலை உரித்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். நான் வாரம் ஒருமுறை 10 மணிகளைப் பொரித்து, எத்தனை வெடித்தன என்று காலண்டரில் குறித்தேன். முதல் வாரம் 3, ஐந்தாம் வாரம் 9. அன்றைக்கே எல்லாவற்றையும் உதிர்த்துக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்தேன்.

ஒரு கதிர்க்கொத்து மட்டும் பரணில் மறந்துபோய், மாதக்கணக்கில் காய்ந்து வீணாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு லிட்டர் பாட்டிலில் அந்த மணிகளைப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, நாலைந்து நாள் அவ்வப்போது குலுக்கினேன். மறுபடி வெடித்தது.

---

செடியிலேயே காயவிடச் சொல்வது சரி, ஆனால் அணில் இருந்தால்? எனக்கு மிஞ்சியது ஏழு கதிர். இப்போதெல்லாம் ஒவ்வொரு கதிருக்கும் துணிப்பை கட்டுகிறேன். இழைகள் வாடிக் கறுத்த பிறகுதான், முன்னாடி கட்டினால் மகரந்தம் போகாது.

---

என் கதை வேறு. பக்கத்துப் பாத்தியில் தம்பி ஸ்வீட் கார்ன் போட்டிருந்தான், இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தன. அவன் கதிரில் அங்கங்கே இனிப்பே இல்லாமல், மாவு மாவாக மணிகள். என் கதிர்கள் நன்றாகத்தான் இருந்தன, அதனால் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை! பாப்கார்ன் ரகங்கள் பலவும் மற்ற சோளத்தின் மகரந்தத்தை ஏற்காது, தன்னுடையதை மட்டும் தாராளமாக அனுப்பும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது இருவரும் மூன்று வார இடைவெளி விட்டு விதைக்கிறோம். அவனுக்கே முதல் உரிமை.

---

விதை எடுப்பவர்களுக்கு ஒன்று. ‘டகோட்டா பிளாக்’ ரகத்தில் ஆண்டுதோறும் ஆக அழகான இரண்டு கதிர்களை மட்டும் விதைக்கு வைத்தேன். நாலாம் ஆண்டு செடி குட்டை, கதிர் அதைவிடக் குட்டை. மக்காச்சோளத்துக்குச் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்வது ஆகாது. ரகம் தேயாமல் இருக்க நூறு செடிகளுக்கு மேல் வேண்டும் என்பார்கள். என் பாத்தியில் அது நடக்காது. அதே ரகம் வளர்க்கும் நாலு பேரோடு விதையை மாற்றிக் கலந்து நடுகிறேன்.

---

முதலில் எழுதியது நான்தான். ஆறு வாரம் தொங்கவிட்டுவிட்டு நேற்று பொரித்தேன். பத்துக்கு ஒன்பது! சிவப்பாகப் பொரியும் என்று காத்திருந்த மகள் மூடியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். எல்லாம் வெள்ளை. சிவப்பு தோலில் மட்டும்தானாம். பாத்திரத்தின் அடியில் கிடந்த தோல் துணுக்குகளைப் பொறுக்கிக் காட்டினேன், சமாதானம் ஆகவில்லை. ஆனால் கிண்ணம் காலி.